நைட்டி கலெக்ஷன்

கடைசி வருடத்தில் மேடம் எங்களை ஒவ்வொருவராக எழுப்பி, "உன் கலெக்ஷனுக்கு இன்ஸ்பிரேஷன் என்ன?" என்று கேட்டபோது, எனக்கு முன்னால் பதினோரு பேர் பதில் சொல்லி முடித்திருந்தார்கள். ஒருத்தி ஜோத்பூரின் நீலச் சுவர்கள் என்றாள். போன லீவில்தான் குடும்பத்தோடு போய் வந்திருந்தாள். இன்னொருத்தி சங்கின் உள்பக்கம் என்றாள். பின்வரிசையில் ஒருவன் எழுந்து "மௌனம்" என்றான். அவன் அதைச் சொன்ன சத்தத்தில் வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் செம்பரம்பாக்கம் ஏரி என்றேன்.

மேடம் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "போன வருஷம் மூணு பேர் அந்த ஏரியக் கொண்டு வந்தாங்க. அதுக்கு முந்தின வருஷம் ரெண்டு பேர். அதுல இனிமே எடுக்க ஒண்ணும் இல்ல. வேற பாரு."

நான் படித்தது ஃபேஷன் டிசைன். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்ஜினியரிங் காலேஜ்களுக்கு நடுவே ஒளிந்திருந்த சின்னக் கல்லூரி. கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் ஒரே கருத்தை வைத்து ஆறு உடைகள் தைக்க வேண்டும். அந்த ஆறுக்கும் சேர்த்துத்தான் கலெக்ஷன் என்று பெயர். முதலில் ஒரு பெரிய அட்டையில் படங்கள், துணித்துண்டுகள், வண்ணங்கள் எல்லாம் ஒட்டி மூட் போர்டு செய்ய வேண்டும். பிறகு வரைய வேண்டும், வெட்ட வேண்டும், தைக்க வேண்டும். கடைசியில் மாடல்களுக்குப் போட்டுவிட்டு மேடையில் நடக்க வைக்க வேண்டும். இத்தனைக்கும் அடியில் ஓர் இன்ஸ்பிரேஷன் இருந்தே ஆக வேண்டும். அது ஆவடி பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீடு ஆவடி குவார்ட்டர்ஸில், இரண்டாவது மாடி. அப்பா ஃபேக்டரியில் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்த குடும்பம். வந்து இருபது வருடமாகியும் அம்மா கோபம் வந்தால் ஊர்ப் பேச்சில்தான் திட்டுவாள். கீழ்வீட்டு அக்கா இந்த ஊர்க்காரி. அவர் பிறந்தது அம்பத்தூரில், கட்டிக்கொண்டு வந்தது ஆவடிக்கு. வாழ்க்கையில் தான் செய்த நீண்ட பயணம் அதுதான் என்று அவரே சொல்வார்.

ஏரியைப் பறிகொடுத்த மறுநாள் காலை பால்கனியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஏழரை மணிக்குக் காய்கறி வண்டி வந்து பெல் அடித்தது. நாலு பிளாக்கிலிருந்தும் பெண்கள் இறங்கி வந்தார்கள். எல்லோரும் நைட்டியில். இருபது வருடமாக நான் பார்த்துக்கொண்டிருந்த காட்சிதான். ஆனால் அன்று வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

ஒருவர் நைட்டிக்கு மேல் டர்க்கி டவலைத் தோளின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டிருந்தார். வங்கி மேலாளர் கோட் போட்டால்கூட அந்த மிடுக்கு வராது. இன்னொருவர் கணவருடைய ஃபேக்டரிச் சட்டையை மேலே மாட்டி, கையை முழங்கை வரை சுருட்டியிருந்தார். ஒருவர் பெண்ணின் பள்ளிக்கூடத் துப்பட்டாவை மடிப்புக் கலையாமல் பின் குத்திப் போட்டிருந்தார். நைட்டிக்குக் கீழே நாலு விரற்கடை பாவாடை தெரிந்தது ஒருவருக்கு. பாவாடையின் நிறமும் நைட்டியின் விளிம்பில் தைத்த பைப்பிங்கும் அப்படிப் பொருந்தின, நாங்கள் கலர் வீலைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தாலும் கிடைக்காத பொருத்தம். என் அம்மா நைட்டிக்குள்ளிருந்து போன், சாவிக்கொத்து, சில்லறை, ஒரு பச்சை மிளகாய் என்று வரிசையாக எடுத்தாள். கீழ்வீட்டு அக்காவின் வளையலில் ஏழெட்டு ஊக்குகள் தொங்கி மினுங்கின.

உள்ளே ஓடிப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டுப் போனோடு வந்தேன்.

அதன்பின் பத்து நாள் பால்கனியிலிருந்து படமெடுத்தேன். துணி உலர்த்துவதுபோல் பாவனை செய்துகொண்டு, ஈரத்துணிகளுக்கு நடுவே போனை வைத்து எடுப்பேன். யாரும் நிமிர்ந்து பார்க்காத நேரம்தான் வசதி. அதனால் என் மூட் போர்டில் முகமே இல்லை, முழுக்க முதுகுகள்தான். ஆவடியின் அந்த நாலு பிளாக் பெண்களின் முதுகுகளை என்னைப்போல் அறிந்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

அடுத்தது துணி. புதுத் துணியில் அந்தக் குழைவு வராது. ஐம்பது தடவை துவைத்த நைட்டிதான் வேண்டும். ஒரு பெரிய பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "காலேஜ்ல கலெக்ஷன் பண்றோம் ஆன்ட்டி, பழைய நைட்டி இருந்தா குடுங்க" என்றேன்.

நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் குவார்ட்டர்ஸில் கலெக்ஷன் என்றால் ஒரே அர்த்தம்தான். வெள்ளம் வந்தால், எங்காவது குடிசை எரிந்தால், பழைய துணி சேர்ப்பார்களே, அது. இரண்டாவது வீட்டிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஆன்ட்டி, "பாவம், எந்த ஊர்ல?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "எந்த ஊரா இருந்தா என்ன" என்று அவரே சொல்லிக்கொண்டு மூன்று நைட்டிகளை மடித்துக் கொடுத்தார். திருத்தியிருக்கலாம். பை நிறைய ஆரம்பித்ததும் திருத்தத் தோன்றவில்லை.

கீழ்வீட்டு அக்கா பழையதைத் தொடவே இல்லை. பீரோவைத் திறந்து கவர் பிரிக்காத ஒரு நைட்டியை எடுத்தார். மெரூன் நிறத்தில் வெள்ளைப் பூ. பழையதை எப்படி ஒருத்தருக்குக் கொடுப்பது, அவர்களும் பொம்பளைதானே என்றார். வாங்கும்போது என் கை கொஞ்சம் கூசியது. ஆனால் அந்த மெரூன் என் ஆறாவது உடைக்கு அத்தனை பொருத்தமாக இருந்தது. கூசிய கையாலேயே வாங்கிக்கொண்டேன்.

ஆறு உடைகளும் தைத்தேன். நாலு நைட்டிகளை ஒட்டுப்போட்டு முழங்கால் வரை ஒரு கோட், அதற்கு டர்க்கி டவலில் அகலமான காலர். அப்பாவின் பழைய ஃபேக்டரிச் சட்டையைப் பிரித்து, பூப்போட்ட நைட்டியோடு இணைத்து ஒரு நீளச் சட்டை. ஊக்குகளையே எம்பிராய்டரிபோல் வரிசையாகக் குத்தி ஒரு மேலாடை. பள்ளித் துப்பட்டாவையும் பாவாடைக் கரையையும் வைத்து இன்னும் இரண்டு. கடைசியாக, மெரூனில் தரையைத் தொடும் அங்கி.

அரங்கேற்றத்துக்கு முன்னால் ஜூரி என்று ஒரு சடங்கு உண்டு. வெளியிலிருந்து ஒரு பெரிய டிசைனரை அழைத்து வருவார்கள். நாம் செய்ததை அவரிடம் விளக்க வேண்டும். அந்த வருடம் வந்தவர் டெல்லிக்காரர். பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர். கறுப்பு உடை, கறுப்புக் கண்ணாடி, கையில் கறுப்பு நோட்டு. மேடம் பக்கத்தில் கைத்தறிப் புடவையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

எனக்கு ஆங்கிலம் சுமார்தான். அதனால் சின்னச் சின்ன வாக்கியமாக மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். நைட்டி என்ற வார்த்தையைச் சொன்னால் மரியாதை போய்விடுமோ என்று பயந்து அதை மட்டும் விட்டுவிட்டேன். மற்றபடி சொன்னது எல்லாம் உண்மை. சென்னையின் மேற்குப் பகுதியில் வாழும் ஒரு பெரிய பெண்கள் சமூகத்தின் உடை இது என்றேன். விடியலில் அணிவார்கள், மாலை விளக்கு வைப்பதற்கு முன் மாற்றிவிடுவார்கள். அந்நியர் வந்தால் தோளில் ஒரு துணியைப் போட்டுக்கொள்வது மரபு. குழந்தைகள் அதில் கை துடைப்பது உரிமையின் அடையாளம். நைந்துபோன பிறகும் அதை எறியமாட்டார்கள், வாசற்படியில் விரித்துவைப்பார்கள், அதை மிதிக்காமல் யாரும் வீட்டுக்குள் நுழையக் கூடாது.

டெல்லிக்காரர் நோட்டில் வேகமாக எழுதிக்கொண்டே இருந்தார். இந்தச் சமூகம் இப்போதும் இருக்கிறதா என்று கேட்டார். செழிப்பாக இருக்கிறது என்றேன். மேடம் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார். ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதையும் அவர் நிறுத்தாமல் குடித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அத்தோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். டெல்லிக்காரர் எழுந்து என் கையைக் குலுக்கினார். ஃபேஷன் உலகம் ஒரு சமூகத்திடமிருந்து எடுத்துக்கொண்டு அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவது பெரிய அநியாயம் என்றார். ஷோவுக்கு அந்தப் பெண்கள் வர வேண்டும், முதல் வரிசையில் உட்கார வேண்டும், தான் அவர்களோடு பேச வேண்டும் என்றார். மேடம் பாட்டிலை மூடிவிட்டு, கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள் என்று என்னைப் பார்த்தபடியே ஆங்கிலத்தில் சொன்னார்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மூட் போர்டைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். மறுநாள் கூட்டிப் பெருக்கும்போது அம்மா அதை இழுத்துவிட்டாள்.

அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு கூப்பிட்டாள். "ஏட்டி, இங்க வா. இது என் முதுகுல்லா?"

ஆமாம் என்றேன். வலது தோளில் அவளே தைத்துப் போட்டிருந்த ஒட்டுத்துணியை வைத்து அடையாளம் கண்டிருந்தாள். மற்ற முதுகுகளையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொன்னாள், ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு பால்கனிக்குப் போய்க் கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள். கீழ்வீட்டு அக்கா மூச்சு வாங்க ஏறி வந்தார். அட்டையைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என் முதுகும் கீது. இன்னா பாப்பா இது, முதுகு கலெக்ஷனா?"

எல்லாவற்றையும் சொன்னேன். நைட்டிகள் எந்த வெள்ளத்துக்கும் போகவில்லை, மெஷினுக்குத்தான் போயின என்று சொன்னேன். அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கியது.

"அப்போ என் மெரூனு?"

தைத்து வைத்திருந்த அங்கியை எடுத்துக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

"கவர் கூட பிரிக்கல. யாரோ ஒண்ணும் இல்லாத பொம்பளைக்குப் போய்ச் சேரும்னு நெனச்சிகினு குடுத்தேன். நீ கத்திரி போட்டுக்கினு வந்து காட்டுற."

கோபமாகக் கத்தியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் சொன்னார். அதுவரை எல்லாமே எனக்கு வேடிக்கையாக இருந்தது, அந்த நிமிடம் மட்டும் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன். அழுகையும் வந்துவிட்டது. அம்மா என்னைத் திட்ட ஆரம்பித்ததும் அக்காவே கையமர்த்தினார். நாளைக்கு ஆவடி மார்க்கெட்டுக்கு வந்து வேறு நைட்டி வாங்கித் தர வேண்டும், அவர் எடுப்பதுதான், நான் வாயைத் திறக்கக் கூடாது என்று தீர்ப்பு சொன்னார்.

மறுநாள் கடையில் அக்கா இருபது நைட்டிகளைப் பிரிக்க வைத்தார். ஜிப்பைப் பத்துத் தடவை மேலும் கீழும் இழுத்தார். தையலை இரண்டு கட்டைவிரலால் இழுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பைப்பிங்கை எச்சில் தொட்ட விரலால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தார். பாக்கெட்டில் தன் போனைப் போட்டு, குனிந்து, தரையைப் பெருக்குவதுபோல் ஒரு வீசு வீசினார். போன் வெளியே விழுந்த நைட்டியெல்லாம் தள்ளுபடி. கக்கத்தில் கை விட்டு, "இங்க துணி கொறச்சா கொடியில துணி போட முடியாது" என்றார். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் பேசக் கூடாது என்பதால் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று வருடப் படிப்பில் ஒரு பாக்கெட் எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆறு உடைகளின் பாக்கெட்டையும் கக்கத்தையும் பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

சமாதானம் ஆன கையோடு ஷோவுக்கு அழைத்தேன். நாலு பிளாக்கிலும் செய்தி போய், ஒன்பது பேர் வருவதாகச் சொன்னார்கள். நைட்டியில் வர முடியுமா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். அம்மா என்னை அடிக்க வந்தாள். அக்கா பொறுமையாக விளக்கினார். பால் பூத்துக்கு வரலாம், ரேஷன் கடைக்கு வரலாம், ஸ்கூல் வேன் நிற்கும் முனை வரைக்கும்கூட வரலாம். ஆனால் நைட்டி மெயின் ரோட்டைத் தாண்டக் கூடாது.

"அந்தாண்ட போனா அது வேற ஊரு, பாப்பா."

என் கலெக்ஷனுக்கு அதுவரை பெயர் கிடைக்காமல் இருந்தது. அன்று 'மெயின் ரோடு வரை' என்று எழுதிக் கொடுத்தேன்.

ஷோ அன்று மத்தியானம் வேனில் வந்து இறங்கினார்கள். ஒன்பது பேரும் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்ததுபோல் முதல் வரிசையை நிறைத்தார்கள். டெல்லிக்காரர் வாசலுக்கும் முதல் வரிசைக்குமாக இரண்டு தடவை நடந்தார். அந்தச் சமூகத்துப் பெண்கள் இன்னும் வரவில்லையா என்று என்னிடம் கேட்டார். கைகாட்டினேன். அவர் பட்டுச் சரிகையைப் பார்த்துக் குழம்பிப்போய் நோட்டைப் புரட்டினார்.

மேடைக்குப் பின்னால் எனக்கு வேறு பிரச்சினை. ஆறாவது மாடலாக நடக்க வேண்டிய ஜூனியர் பெண்ணுக்குக் காலையிலிருந்து காய்ச்சல், வரவில்லை. மெரூன் அங்கி ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல உயரமுள்ளவர்தான் அதைப் போட முடியும். மற்ற ஐந்து பேருக்கும் நேரமில்லை. திரையை விலக்கி முதல் வரிசையைப் பார்த்தேன். அக்கா உட்கார்ந்திருந்தபோதே பக்கத்தில் இருந்தவர்களைவிட ஒரு தலை உயரம்.

போய்க் காதில் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "என்னுதுதானே அது" என்றார்.

பட்டுப்புடவைக்கு மேலேயே அங்கியைப் போட்டுக்கொண்டார். கீழே நாலு விரற்கடை சரிகை தெரிந்தது. நான் அதை வரைந்திருந்தால் மேடம் மிகை என்று கோடு போட்டு அடித்திருப்பார். ஹீல்ஸைக் காட்டினேன், மறுத்துத் தன் செருப்பையே மாட்டினார். அப்போதுதான் வரிசையில் நின்ற மற்ற ஐந்து பெண்களின் நடையைப் பார்த்தார். இடுப்பை வெட்டி வெட்டி நடந்து பழகிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாம்மா இது, நைட்டிய போட்டுகினு இப்டியா நடப்பாங்க? அடுப்புல பால வெச்சிட்டு வந்தவ மாதிரி நடங்க."

அந்த ஐந்து பேரும் அப்படியே நடந்தார்கள். இரண்டு விரலால் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, அங்குமிங்கும் பாராமல், குடுகுடுவென்று. எல்லா ஷோவிலும் மாடல்கள் உறைந்த முகத்தோடு மிதந்து வருவார்கள். என்னுடையவர்கள் வீட்டில் வேலையிருப்பவர்களைப்போல் வந்தார்கள். முதல் வரிசையிலிருந்து சிரிப்பு கிளம்பிப் பின்னால் பரவியது.

கடைசியாக அக்கா. அவர் அவசரப்படவில்லை. மேடையின் நடுவில் நின்றார். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து மணி பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போட்டார். பிறகு குனிந்து முதல் வரிசையில் இருந்த என் அம்மாவைப் பார்த்து, சாதாரணமாக, பால்கனிக்குக் குரல் கொடுப்பதுபோல், கேஸை மூடிவிட்டுத்தானே வந்தாய் என்று கேட்டார். அம்மாவும் தன்னை மறந்து, மூடிட்டேன் என்று பதில் சொன்னாள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அக்காவுக்கு அது ஏன் என்று கடைசிவரை புரியவில்லை. ஆனாலும் கும்பிட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

ஷோ முடிந்ததும் டெல்லிக்காரர் நோட்டோடு அக்காவிடம் ஓடி வந்தார். மேடத்தை மொழிபெயர்க்கச் சொன்னார். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். உங்கள் சமூகத்தில் பெண்கள் எந்தக் கட்டத்தில் இந்த உடையை அணியத் தொடங்குவார்கள் என்று கேட்டார். அக்கா கொஞ்சம் யோசித்து, "கண்ணாலம் ஆயி மூணாம் நாளு" என்றார். மேடம் முகம் மாறாமல் ஆங்கிலத்தில் சொன்னார். யார் முதலில் கொடுப்பார்கள் என்று டெல்லிக்காரர் கேட்டார். மாமியாருக்குப் பிடிக்காது, தானேதான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார் அக்கா. இதை எழுதிவிட்டு டெல்லிக்காரர் கீழே இரண்டு தடவை கோடிட்டார். ஆண்கள் என்ன அணிவார்கள் என்று கடைசியாகக் கேட்டார். லுங்கி என்றார் அக்கா. அது அவருக்குத் தெரிந்திருந்தது. கொஞ்சம் ஏமாற்றத்தோடு நோட்டை மூடினார்.

முதல் பரிசு மௌனத்துக்குப் போனது. எனக்கு ஏதோ சிறப்புச் சான்றிதழ் என்று ஒரு காகிதம் கிடைத்தது. வேனில் திரும்பும்போது அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டாள். ஆனால் வழி முழுக்க எல்லோரும் பேசியது டெல்லிக்காரரின் கறுப்புச் சட்டை இந்த வெயிலுக்கு எப்படித் தாங்கும் என்பதைப் பற்றித்தான்.

நாலைந்து வருடம் ஆகிறது. இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் குழந்தைகள் உடை வரைகிறேன். யாராவது இன்ஸ்பிரேஷன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், முதலில் தைத்துவிட்டுப் பிறகு சொல்கிறேன் என்பேன்.

அந்த வருடம் ரிசல்ட் வந்த வாரம் மேடம் என்னை ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொன்னார். ஜூரியில் பேசியதற்கான தண்டனை இப்போதுதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டு போனேன். அறையில் வேறு யாரும் இல்லை. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அந்த டவல் காலர் கோட்டைத் தன் அளவில் ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். காலர் இன்னும் கொஞ்சம் அகலமாக இருக்கலாம், பாக்கெட் இரண்டு பக்கமும் வேண்டும்.

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அவருடைய தோளை அளந்தேன். அவர் நேராக நின்றபடியே, அன்று ஜூரியில் நான் சொன்னதில் ஒரு தப்பு இருந்தது என்றார். எது மேடம் என்று கேட்டேன்.

"விளக்கு வைக்கறதுக்கு முன்னால மாத்திருவாங்கன்னு சொன்ன. நாங்க மாத்த மாட்டோம்."

நான் தோளளவைக் குறித்துக்கொண்டு, கையை உயர்த்தச் சொல்லிவிட்டு, கக்கத்தை அளக்க ஆரம்பித்தேன்.